தலைமன்னாரில் பிளந்த பலாப்பழம்

நேற்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆபீஸ் வேலை முடிந்து சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்தபோது மணி நாலு. என் வேலையை நிரந்தரம் செய்யும் உத்தரவு ஒன்றை வாங்குவதற்காகக் காலையிலிருந்து மூன்று மேசைகளுக்கு நடந்திருந்தேன். டீச்சர் என்று சொன்ன பிறகும் ஒரு மேசையிலும் உட்காரச் சொல்லவில்லை. காகிதம் கடைசியில் கிடைத்துவிட்டது. கால்தான் என்னுடையது மாதிரி இல்லை.

முதுநகரில் ஒரு அம்மா சாக்கில் சுற்றிய முழுப் பலாப்பழத்தோடு ஏறினார். அதைச் சரியாக என் காலடியில் இறக்கினார்.

"கொஞ்சம் நவுத்திக்கம்மா. காடாம்புலியூர்ப் பழம். பொண்ணு வூட்டுக்குப் போவுது."

பழம் கனிந்திருந்தது. பஸ் குலுங்கக் குலுங்க வாசனை ஏறியது. மற்றவர்களுக்கு நாக்கில் நீர் ஊறியிருக்கும். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஆறு வருஷமாக நான் ஒரு சுளை தொட்டதில்லை. ஏன் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. உம்மாவுக்குத் தெரியும், அதனால் கேட்க மாட்டார்.

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது தலை கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும், பொறுத்துக்கொள்ளுங்கள். உம்மா குர்ஆன் ஓதினால் ஓர் எழுத்துப் பிசகாது. ஆனால் தமிழில் தன் பெயரை எழுதிக் காட்டினால் எந்தப் பக்கம் மேல் என்று தெரியாது. உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கையெழுத்துப் போடுவார். அதை எழுத்து என்பதைவிடப் படம் என்பதுதான் சரி. வாப்பாவுக்கு அந்தப் படமும் வராது.

வாப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் பார்த்தார். பரங்கிப்பேட்டையில் எங்கள் தெருவில் பாதி ஆண்கள் தபாலில்தான் குடியிருந்தார்கள். வாப்பா சொல்லச் சொல்ல அந்தக் கடையில் யாரோ எழுதுவார்கள். இங்கே நான் படிப்பேன். சாயங்காலத் தொழுகை முடிந்து உம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, வாப்பாவே எதிரில் வந்து நிற்பது மாதிரி சுவரோரமாக உட்காருவார். நான் நின்றுகொண்டு படிப்பேன். சலாம் சொல்லும் இடத்தை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொல்வார். பதில் எழுதும்போது, "நான் சொன்னதைத்தானே எழுதுன?" என்பார். "அதேதாம்மா" என்பேன். அப்போதெல்லாம் அது உண்மை.

வயசுக்கு வந்த பிறகும் பள்ளிக்கூடம் போன பெண் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். எட்டாவது படித்துக்கொண்டிருந்தபோது வந்த ஒரு கடிதத்தில், நலம் விசாரிப்புக்கெல்லாம் பிறகு, "பெரியவள் படிப்பை இந்த வருஷத்தோடு நிறுத்திவிடவும்" என்று இருந்தது. கண் எப்போதும் நாக்குக்கு நாலு சொல் முன்னால் ஓடும். கண் அதைப் பார்த்துவிட்டது. நாக்கு அதைத் தாண்டி, கடைசி "வஸ்ஸலாம்" என்பதில் போய் நின்றது. உம்மா கடிதத்தை வாங்கி மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

இத்தனை சுலபமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அடுத்த கடிதத்திலும் தாண்டினேன்.

வாப்பா கடைசியாக ஊருக்கு வந்துபோய் நாலு வருஷம் ஆகியிருந்தது. இலங்கையை விட்டு வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்ற பயம் அங்கே எல்லோருக்கும் இருந்தது. அதனால் அந்த மே மாதம் நாங்களே போய்ப் பார்த்துவிட்டு வருவதென்று முடிவானது. உம்மா, நான், ஆறு வயசுத் தங்கச்சி, துணைக்கு மாமா. வீடே குதித்தது. எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. கொழும்பில் உம்மாவும் வாப்பாவும் நேருக்கு நேர் பேசிக்கொள்வார்கள். நடுவில் படித்துச் சொல்ல ஆள் வேண்டியிருக்காது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு கடைசிக் கடிதம் வந்தது. எந்த ரயில், எங்கே இறங்குவது என்று நிறைய இருந்தது. பிறகு "பெரியவள் படிப்பு விஷயம்" என்று ஒரு வரி தொடங்கியதும் நான் மடித்துவிட்டேன். அதற்குக் கீழே என்ன இருந்தது என்று நானும் பார்க்கவில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடிக்கச் சிதம்பரம் கீழவீதிக்குப் போனோம். உம்மா முக்காட்டை விலக்க மாட்டேன் என்றார்.

"காது தெரியணும்மா" என்றார் போட்டோக்காரர்.

"காதைப் பாத்தா என்னைக் கண்டுபுடிக்கப் போறாங்க?"

ஒரு காது மட்டும் தெரியும்படி சமாதானம் ஆயிற்று. வந்த படத்தில் உம்மா போட்டோக்காரரைத் திட்டுவதற்கு வாயைத் திறக்கப்போகிற மாதிரி இருந்தார். மஞ்சக்குப்பத்தில் எல்லோருக்கும் ஊசி போட்டார்கள். தங்கச்சி ஊசி போட்டவரின் கையைக் கடித்துவிட்டாள். ஒவ்வொரு இடத்திலும் "படிச்சவங்க யாரு, இங்க எழுதுங்க" என்றார்கள். ஒவ்வொரு இடத்திலும் நான் முன்னால் போனேன். அந்தப் பெருமை வேண்டியும் இருந்தது, உள்ளே குத்தவும் செய்தது.

பலாப்பழம் மாமாவின் யோசனை. வாப்பாவுக்குக் காடாம்புலியூர்ப் பழம் என்றால் உயிர். மாமா அங்கேயே போய், தட்டித் தட்டிப் பார்த்து ஒன்றைக் கொண்டுவந்தார்.

"நாலாம் நாள்தான் பழுக்கும் லாத்தா. கொழும்புல மச்சான் கையில குடுக்கறப்ப பதமா இருக்கும். எனக்குக் கணக்கு தெரியும்" என்றார் தன் அக்காவிடம்.

அவர் கணக்கில் ரயில் பெட்டியின் வெக்கை சேரவில்லை. சிதம்பரத்தில் போட் மெயில் ஏறியபோது காயாக இருந்தது, விடிந்து மண்டபம் வருவதற்குள் பெட்டி முழுக்க மணந்தது. எதிரில் இருந்தவர், "பண்ருட்டிப் பழமா?" என்றார். மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பண்ருட்டி சந்தைக்குப் போறதுக்கு முந்தியே வாங்குனது" என்றார். பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது எல்லோரும் ஜன்னலில் நெருக்கியடித்துக்கொண்டு கடல் பார்த்தார்கள். அந்தப் பாலம் இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கக் கூடாதா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தனுஷ்கோடியில் கப்பல். உம்மா கட்டித் தந்த புளிச்சோறும் அவித்த முட்டையும் கரையில் நின்றபோது அமிர்தமாக இருந்தன. கப்பல் ஆடத் தொடங்கியதும் தங்கச்சி அத்தனையையும் மாமாவின் புது வேட்டியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். மாமா பழத்தை மட்டும் உயரத் தூக்கிக் காப்பாற்றினார்.

தலைமன்னார்த் துறையில் ஒரு அதிகாரி பழம் இருந்த சாக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"இதை உள்ளுக்குக் கொண்டு போக ஏலாது."

"ஏன் சார், பழந்தானே? வெடிகுண்டா?" என்றார் மாமா.

"பழம், விதை, செடி ஒண்டும் ஏலாது. சாப்பிட்டு முடிச்சிட்டு வாங்கோ. இல்லையெண்டால் கடலிலை போடுங்கோ. ரயில் வெளிக்கிட நேரம் கிடக்கு."

"கடல்ல போடவா ஊர்லேருந்து சொமந்துகிட்டு வந்தேன்?" என்று உம்மா அங்கேயே பலகை மேல் உட்கார்ந்துவிட்டார்.

கத்தி இல்லை, எண்ணெய் இல்லை. உம்மா தன் தலையில் இருந்த எண்ணெயை வழித்துக் கையில் தேய்த்துக்கொண்டார். மாமா கட்டை விரலை விட்டுப் பிளந்தார். தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் கொடுத்தோம். அந்த அதிகாரியும் இரண்டு சுளை வாங்கிக்கொண்டு, "நல்ல பழம், பாவம்" என்றார். பழத்தைச் சொன்னாரா எங்களைச் சொன்னாரா தெரியாது. நான் அன்று தின்றது எத்தனை என்று எனக்கே தெரியாது. வெயிலில், பிசின் கையோடு, அவசர அவசரமாக விழுங்கியது. அதன் பிறகு தொட்டதில்லை.

பாஸ்போர்ட்டை நீட்டியபோது படம் இருந்த பக்கம் எதிர்ப்பக்கத்தோடு பிசினில் ஒட்டியிருந்தது. அதிகாரி மெதுவாகப் பிரித்தார். படத்தில் உம்மாவின் காது மட்டும் பெயர்ந்து அந்தப் பக்கம் போய்விட்டது.

"அந்தக் காதுக்குத்தான் அவன் அவ்வளவு சண்டை புடிச்சான்" என்றார் உம்மா. அதிகாரியே சிரித்துவிட்டார். முத்திரை விழுந்தது.

கொட்டைகளை உம்மா முந்தானையில் முடிந்துகொண்டதை நான் பார்த்தேன். விதையும் ஏலாது என்று அதிகாரி சொன்னதும் என் காதில் விழுந்திருந்தது. பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது அப்போது எனக்குப் பழகியிருந்தது.

மறுநாள் காலை கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் வாப்பா நின்றார். மெலிந்திருந்தார். தங்கச்சிக்கு அடையாளம் தெரியவில்லை, என் பின்னால் ஒளிந்தாள். வாப்பா உம்மாவின் பக்கம் வந்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"பலாப்பழ வாசனை அடிக்குது."

மாமா தலைமன்னார்க் கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். வாப்பா சிரிக்கவில்லை.

"பழம் கொண்டாராதீங்க, புடுங்கிப் போட்டுடுவாங்கன்னு எழுதச் சொன்னேனே. இங்க மரத்துக்கு மரம் தொங்குது. கடைசிக் கடுதாசியில, பெரியவ படிப்பு விஷயத்துக்குக் கீழேயே எழுதுனானே."

உம்மா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் இத்தனை வருஷத்தில் மறந்திருப்பேன். ஒரு எழுத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார், எது மேல் எது கீழ் என்று தெரியாமல்.

"படிச்சா" என்றார் உம்மா. "நான்தான் கேக்கல. உங்களுக்குப் புடிக்குமேன்னு தூக்கிட்டு வந்தேன்."

"படிப்பு விஷயம்?"

"அதையும் படிச்சா. பேசிக்கலாம். மொதல்ல சின்னவளுக்கு ஏதாச்சும் வாங்கிக் குடுங்க."

அந்தப் "பேசிக்கலாம்" பன்னிரண்டு நாள் என் தலைக்கு மேல் தொங்கியது. கொழும்பைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். இரட்டை மாடி பஸ்ஸில் மேல் மாடியில் உட்கார்ந்தேன், அது எங்கே போயிற்று என்று தெரியாது. காலிமுகத்திடலில் எல்லோரும் கடல் பார்த்தோம். எங்கள் ஊர்க் கடல்தான், ஓரத்தில் புல் வைத்திருந்தார்கள். வாப்பா கடையிலிருந்து இடியாப்பமும் மாசிச் சம்பலும் கொண்டுவருவார். ஒருநாள் வட்டிலப்பம் கொண்டுவந்தார். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்ந்து நாக்கில் கரைந்தபோது, ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், பயம் மறந்தது. உம்மா முந்தானையில் முடிந்து வந்த பலாக்கொட்டையை வாப்பா தானே கறியில் போட்டுச் சமைத்தார். அதை மட்டும் அவர் நிதானமாக, ஒன்றொன்றாக எடுத்துச் சாப்பிட்டார்.

கடைசி நாள் மத்தியானம் அறையில் வைத்துப் பேச்சு வந்தது. நான் கதவோரம் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"எட்டு முடிச்சிட்டா. போதும். ஊர்ல நாலு பேரு கேக்கறாங்க."

"நிறுத்திடலாம்" என்றார் உம்மா. "அப்புறம் உங்க கடுதாசியை எடுத்துக்கிட்டு நான் எந்த வூட்டு வாசல்ல போயி நிக்கட்டும்? நீங்க எனக்கு எழுதறதை ஊர்க்காரன் படிக்கணுமா?"

வாப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவ எட்டு வரைக்கும் படிச்சதே போதுமே கடுதாசி படிக்க."

"பத்தாது" என்றார் உம்மா. "இன்னும் சரியாப் படிக்கத் தெரியல அவளுக்கு."

வாப்பாவுக்கு அது புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. கையில் இருந்த தாவணியை எத்தனை தடவை மடித்தேன் என்று தெரியாது.

அப்படித்தான் நான் ஒன்பதாவது போனேன். பிறகு பதினொன்று, பிறகு டீச்சர் ட்ரெயினிங். வாப்பாவின் கடிதத்தைப் படிக்க வீட்டில் ஒரு பெண் வேண்டும் என்பதற்காக.

ஊர் திரும்பிய மாதமே வாப்பாவின் கடிதம் வந்தது. நான் கை நீட்டினேன். உம்மா தபால்காரரை வாசலிலேயே நிறுத்தி, "நீங்களே படிச்சிடுங்க" என்றார். அவர் சந்தைக்கடையில் ஏலம் விடுகிற குரலில், சலாம் முதல் வஸ்ஸலாம் வரைக்கும் எங்கள் வீட்டை வாசித்தார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. எந்த அவமானம் வேண்டாம் என்று உம்மா கொழும்பில் வாதாடினாரோ, அதை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்று கேட்டார். அதன் பிறகு வந்த ஒவ்வொரு கடிதமும் அப்படித்தான். பதிலையும் தபால்காரரே எழுதினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். "பெரியவள் ஒழுங்காகப் படிக்கிறாளா" என்று ஒருமுறை வந்தது. உம்மா, "படிக்கிறான்னு எழுதுங்க" என்றார். என்னை அவர் திட்டவில்லை. சோறு போட்டார், தலை வாரிவிட்டார், பரீட்சைக்கு விளக்குத் துடைத்து வைத்தார். கடிதம் மட்டும் என் கைக்கு வரவில்லை.

மறு வருஷம் மார்கழியில் தனுஷ்கோடியைக் கடல் எடுத்துக்கொண்டது. நாங்கள் புளிச்சோறு தின்ற துறை, ஸ்டேஷன், தண்டவாளம் எல்லாம். அதன் பிறகு ரெண்டு வருஷத்தில் வாப்பாவும் ஒரு தகரப் பெட்டியோடு ஊர் வந்துவிட்டார். இனி போகப்போவதில்லை. இப்போது உம்மாவும் அவரும் ஒரே கூடத்தில் இருக்கிறார்கள். பேச்சு அதிகமில்லை. கடிதத்தில் வந்த வாப்பாதான் நிறையப் பேசினார். தபால்காரர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்துவதில்லை.

நேற்று வீட்டுக்குள் நுழைந்ததும் உம்மா மூக்கை உறிஞ்சினார்.

"பலாப்பழமா?"

"பஸ்ஸுல ஒருத்தவங்க வச்சிருந்தாங்க."

வாப்பா என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வேலை நிரந்தரம் ஆகிவிட்டது என்று சுருக்கமாகச் சொன்னேன். கால் வலித்தது. உட்கார வேண்டும் போலிருந்தது.

"படி" என்றார் உம்மா, சுவரோரம் உட்கார்ந்து, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு.

நின்றுகொண்டே படித்தேன். பார்வையில் கண்டது, விதி இன்னது, உட்பிரிவு இன்னது, ஒன்றையும் தாண்டவில்லை. நகல் யார் யாருக்கு என்பதைப் படித்தேன். ரப்பர் முத்திரையில் பாதி அழிந்திருந்த எழுத்தையும் கூட்டிப் படித்தேன். முடிந்தது என்றேன்.

உம்மா தலையை ஆட்டிக்கொண்டு அடுப்படிக்கு எழுந்து போனார். இரண்டாவது தடவை படிக்கச் சொல்லவில்லை. சலாம் சொல்லும் இடம் அந்தக் காகிதத்தில் இல்லையே.