ஆறு குழாய்களில் என்னுடையது

ரத்தம் கொடுக்க முதலில் கையை நீட்டியவர் டாக்டரம்மாதான். ஆய்வகத்தில் அவரிடம் வேலை செய்த நாங்கள் ஐந்து பேரும் பின்னால் நின்றோம். பிள்ளைகளின் தசை தளர்ந்துபோகும் ஒரு பரம்பரை நோய்க்குக் காரணமான மரபணுவை அவர் தேடிக்கொண்டிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். குழாய்களில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எண்களைக் கலைத்து ஒட்டும் வேலை என்னுடையது. எது யாருடையது என்று பார்க்காதே என்றிருந்தார். என் குழாயை மட்டும் பார்த்துவைத்தேன்.

செங்கல்பட்டில் நோயாளிகளைப் பார்த்து முடித்த கையோடு கடப்பாக்கம் கிளம்பிவிடுவார். மீனவர் வீடுகளில் தரையில் உட்கார்ந்து, யார் யாரைக் கட்டினார்கள் என்று கேட்டுக் கேட்டு வம்சக் கோடு போடுவார். ஒருநாள் ஒரு தாய், "ரத்தம் எடுத்துகினே கீறீங்களே டாக்டரம்மா, எம்புள்ள எப்ப நிக்கும்?" என்று கேட்டாள். "இவனுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. அடுத்த புள்ளைக்கு முன்னாடியே சொல்ல முடியும்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி.

எங்கள் குழாய்களில் ஒன்றிலும் அந்த மரபணுக் கோளாறு இருந்தது. இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது; தம்பதி இருவருக்கும் இருந்தால்தான் பிள்ளைக்கு ஆபத்து. டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு, "யாருன்னு நான் தேடக் கூடாது. சொந்தத்துல கல்யாணம் பண்றவங்க கண்டிப்பா தனியா வந்து டெஸ்ட் எடுத்துக்குங்க" என்றார். முடிவுத் தாளைக் கோப்பில் வைத்தவள் நான். அதிலிருந்தது என் எண். அப்போது என் கல்யாணப் பத்திரிகை அச்சாகியிருந்தது. மாப்பிள்ளை சிங்கப்பெருமாள் கோயிலில் இருந்த மாமன் மகன். அவரையும் சோதிக்கச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்தேன். அவருக்கும் இருக்கவா போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மகனுக்கு ஆறாம் மாதமும் தலை நிற்கவில்லை. டாக்டரம்மாவிடமே தூக்கிப் போனேன். அவன் முழங்காலைத் தட்டிப் பார்த்தார். "ரூல்ஸைப் பார்த்துகினு சும்மா இருந்துட்டேனே. யாருன்னு தேடி உன் வூட்டுக்கே வந்து சொல்லியிருக்கணும்" என்றார். இரண்டு வயது முடியுமுன் பிள்ளை போய்விட்டான். டாக்டரம்மா ஆராய்ச்சியைப் பாதியில் வேறு யாரிடமோ ஒப்படைத்துவிட்டு, மாமல்லபுரத்தில் சின்ன கிளினிக் போட்டு, சளிக்கும் காய்ச்சலுக்கும் மாத்திரை எழுத உட்கார்ந்துவிட்டார். எப்பேர்ப்பட்ட மூளை, இப்படி வீணாகிவிட்டதே என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் கூடச் சேர்ந்து பேசினேன்.

போன வாரம், எனக்கு முன்பே தெரியும் என்பதை இந்தத் தடவை சொல்லியே தீருவது என்றுதான் மாமல்லபுரம் பஸ் ஏறினேன். டாக்டரம்மாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. கடைசி நோயாளி போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிட்டியாம்மா?" என்று கேட்டார்.

மன்னித்துவிட்டேன் என்றேன்.