தேங்காய் எண்ணெயும் தெரியாத சார்ஜும்

ஃபிசிக்ஸ் லேப் அட்டெண்டர் வேலை என்பது, தான் பரீட்சை எழுதாமலே வருஷா வருஷம் பரீட்சைக்குப் பயப்படுகிற வேலை. பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் நின்றவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டாம்.

கோபித்துக்கொண்ட குண்டுகள்

எங்கள் காலேஜ் பெரியகுளத்துப் பக்கம். அங்கே ஒரு பரிசோதனை உண்டு. அலுமினியத் தாள் சுற்றிய இரண்டு தெர்மாகோல் குண்டுகளைப் பட்டு நூலில் ஒட்டினாற்போல் தொங்கவிட வேண்டும். சீப்பைத் தலையில் பரபரவென்று தேய்த்துத் தொட்டால், இரண்டுக்கும் சமமாகச் சார்ஜ் ஏறி, கோபித்துக்கொண்டு விலகி நிற்கும். விலகின தூரத்தையும் குண்டின் எடையையும் வைத்துக் கூலூம் விதிப்படி கணக்குப் போட்டால், உள்ளே எவ்வளவு சார்ஜ் என்று தெரிந்துவிடும்.

ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்துப் பெண் செல்வி முதல் தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்க அப்பாவும் சித்தப்பாவும் இப்படித்தாம்மா. ஒரே வீட்டுல தொங்கிக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் நிப்பாக."

அப்பா கொண்டுவந்த சார்ஜ்

அந்தப் பரிசோதனையில்தான் செல்விக்குப் போன தடவை போய்விட்டது. மற்றதெல்லாம் பாஸ். இந்த ஒன்று நின்றால் டிகிரி இல்லை. கோயம்புத்தூரில் தருகிறேன் என்ற வேலையும் இல்லை. மறுபடி பரீட்சை வருகிற நேரம், அவள் அப்பா லேபுக்கே வந்துவிட்டார். கையில் புது போன் சார்ஜர்.

"சார்ஜ் ஏறலைன்னு பாப்பா சோறு திங்காம அழுகுது ஆத்தா. இது ஒரிஜினலு. அங்கன சொருகி விடுங்க."

பளபளத்த தலைகள்

பரீட்சை அன்று மலையாளத்துப் பக்கமிருந்து சாரல். லேப் முழுக்க ஈரம். நூலையும் குண்டையும் பல்புச் சூட்டில் காய வைத்துக் கொடுத்தேன். செல்வி சீப்பைத் தேய்க்கிறாள், தேய்க்கிறாள், குண்டுகள் அசையவில்லை. கிட்டப் போனால் வாசம். நல்ல காரியத்துக்குப் போகிறாளே என்று அவள் அம்மா தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்துச் சீவி அனுப்பியிருக்கிறாள். எண்ணெய்த் தலையில் எவ்வளவு தேய்த்தாலும் சீப்புக்குச் சார்ஜ் ஏறாது. என் தலையிலும் எண்ணெய். மற்றப் பிள்ளைகள் தலையும் அதே பளபளப்பு.

மார்க் போட மதுரையிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் சார் தலை மட்டும் ஷாம்பு போட்டுப் பஞ்சாகப் பறந்தது. செல்வி அதைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவள் நேரே அவர் மேஜைக்குப் போய்விட்டாள்.

"சார், ஒரு நிமிஷம் உங்க தலையைக் குடுப்பீகளா?"

எக்ஸ்டர்னல் தலை

அவர் பேனாவை மூடி வைத்தார். "சீப்பு சுத்தமா இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் குனிந்து கொடுத்தார். செல்வி தேய்த்துத் தொட்டாள். குண்டுகள் இரண்டும் வெடுக்கென்று விலகின. ஓடி ஓடி அளந்தாள், கணக்குப் போட்டாள், பேப்பரை நீட்டினாள். சார் கலைந்த தலையோடு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாஸும்மா. ஆனா என் தலையில இம்புட்டுச் சார்ஜ் இருக்குன்னா எங்க வீட்டுல நம்பமாட்டாக."

செல்வி கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள், அவள் அப்பா விட்டுப்போன சார்ஜரில் என் போனுக்குச் சார்ஜ் ஏறுகிறது, பரீட்சைக்கு வருகிற பிள்ளைகளிடம் தலைக்குக் குளித்துவிட்டு வாருங்கள் என்று சொல்வதுதான் எனக்குத் தெரிந்த ஃபிசிக்ஸ்.