மஞ்சள் தடவிய காகிதம்

விழுப்புரம் போகும் காலை ரயிலில் திண்டிவனத்தில் ஏறும் அந்த அம்மாளின் பெயர் எனக்குத் தெரியாது. ஒல்லியான உடம்பு, வெயிலில் கறுத்த முகம், எப்போதும் ஜன்னலோர இடம். மழை பிடித்தால் எல்லோரும் ஷட்டரை இறக்குவோம். அவர் மட்டும் மஞ்சளைக் குழைத்துத் தடவிய ஒரு காகிதத் துண்டை வெளியே நீட்டுவார். நனைந்ததை உற்றுப் பார்த்துவிட்டு, நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்வார்.

ஒருநாள் காரணம் கேட்டேன்.

"எங்க மல்லாட்டைக் கொல்லைக்குப் பக்கத்துல செங்கல் சூளைங்க. அந்தப் பொகை மேகத்துல கலந்து ஆசிட்டா பெய்யுதுன்றாங்க. கடலைச் செடி எலையெல்லாம் புள்ளி புள்ளியா கருகுது. அதான் பாத்துக்கினே இருக்கேன். ஆரத்தித் தண்ணி மாதிரி செவந்துச்சுன்னா கெட்ட மழை. இன்னிவரைக்கும் செவக்கலைங்க."

நான் கல்லூரி வேதியியல் கூடத்தில் வேலை செய்பவன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"ஆரத்தி செவக்கிறது அதுல போடுற சுண்ணாம்பாலம்மா. ஆசிட் பட்டா மஞ்சள் அப்படியேதான் இருக்கும். சூளையில எரியிற நிலக்கரியோட கந்தகப் பொகை மழையில கரைஞ்சு வந்தாலும் இந்தக் காகிதம் காட்டாதுங்க."

அவர் கையிலிருந்த ஈரக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இத்தினி நாளா பெஞ்சதெல்லாம் எந்த மழைங்க?"



அடுத்த முறை மழை பிடித்தபோது முதல் ஆளாக ஷட்டரை இறக்கியவர் அவர்தான். அவருக்காகக் கொண்டுவந்த, ஆசிட் பட்டால் சிவக்கும் நீல லிட்மஸ் தாள் என் சட்டைப்பையில் இருந்தது. அதை ஜன்னலுக்கு வெளியே நீட்ட எனக்கும் கை வரவில்லை.