வெல்டர் பார்த்த ஆண்ட்ரமெடா

வானியல் மன்றத்துத் தொலைநோக்கிக்கு இரும்புத் தாங்கி செய்து கொடுத்தவர் அந்த வெல்டர். பதினெட்டு வருடமாக மாதக் கூட்டத்தில் அதில் முதலில் கண் வைத்துப் பார்ப்பவரும் அவர்தான். அன்றும் மொட்டை மாடியில் குனிந்து, ஆண்ட்ரமெடா விண்மீன் திரளை வர்ணித்தார்.

"நடுவுல பளிச்சுனு இருக்கு. ஓரமெல்லாம் புகை மாதிரி கலையுது."

மனைவியின் தம்பி அவர் காதோரம் குனிந்தான். "மச்சான், மூடியே இன்னும் கழட்டல."

வெல்டர் நிமிரவில்லை. "ரெண்டு வருஷமாவே எனக்குச் சரியாத் தெரியலடா. டாக்டரும் கைய விரிச்சுட்டாரு. உங்க அக்காகிட்ட சொல்லிடாத."

மைத்துனன் இருட்டில் சத்தமில்லாமல் மூடியைக் கழற்றினான். அடுத்துப் பார்த்த தபால்காரர், "அச்சு அசலா அண்ணன் சொன்னபடியே இருக்கு!" என்று கத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

வெல்டர் சுவரைத் தடவியபடி படியிறங்கினார். அதன்பின் அவர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை.