பேரரசரின் முத்திரையும் மாத இதழ் ஆசிரியரும்

தொண்ணூறுகளில் ஒரு பெண்கள் கல்லூரியில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். குடியிருந்தது மயிலாப்பூரில். தேனாம்பேட்டையில் மாத இதழ் நடத்திய ஆசிரியர் ஒருவர், சீனாவைப் பற்றி இங்கே யாருக்கும் தெரியாத விஷயமாக எழுதித் தரச் சொன்னார். மோசுவோ மக்களைப் பற்றி எழுதினேன்.

சீனாவின் தென்மேற்கு மலைகளில், ஓர் ஏரியை ஒட்டி யோங்நிங் என்ற அவர்களுடைய பழைய சிற்றரசு. அதன் தலைவருக்குச் சீனப் பேரரசர் பதவி முத்திரை தருவார்; தலைவர் திறை அனுப்புவார். குடிமக்கள் வீடுகளில் எல்லாம் தாய்வழி. பெரும்பாலும் கல்யாணமே கிடையாது. ஆண் இரவில் பெண் வீட்டுக்கு வந்து, விடிந்ததும் தன் தாய் வீட்டுக்குத் திரும்பிவிடுவான். தலைவர் பதவி மட்டும் அப்பாவிடமிருந்து மகனுக்கு. அரசவை அப்படித்தான் ஏற்றுக்கொள்ளும். சொந்தக் குடிகளைப் போல வாழ முடியாமல் போன அந்தக் குடும்பம்தான் என் கட்டுரை.

ஆசிரியர் புரட்டிப் பார்த்தார். "கல்யாணமே இல்லைங்கிறதை எங்கேயோ நடுவுல வச்சிருக்கீங்களே டீச்சர். முத்திரை, திறை எல்லாம் யார் படிப்பாங்க?"

பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றி எழுதினேன். மறுபடி போனபோது, தலைவர் என்று இருந்த இடத்திலெல்லாம் மகாராணி என்று திருத்தி வைத்திருந்தார். தலைவர் ஆண் என்றேன்.

"தாய்வழின்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"தலைவர் வீட்டுல மட்டும் அப்படி இல்லைன்னும் எழுதியிருக்கேன் சார்."

"அது படிக்கிறவங்களுக்குக் குழப்பம்."

அந்தக் குழப்பம்தான் சரித்திரமே என்றேன். அவர் சிரித்துவிட்டு எனக்குக் காபி சொன்னார். அண்ணா சாலையில் பஸ் நகராமல் நின்ற நேரமெல்லாம் மனசுக்குள் அவரோடு சண்டை போட்டேன்.

இதழ் வந்தது. 'கணவன் வேண்டாத மகாராணி' என்று தலைப்பு. பக்கத்தில் ஏதோ காலண்டரிலிருந்து எடுத்த அருவிப் படம். பேரரசரைக் காணவே காணோம். கல்லூரியில் சக ஆசிரியை ஒருத்தி, அந்த ஊருக்கு டிக்கெட் எடுத்தாச்சா என்று கேட்டாள்.

மாடி வீட்டு மாமி படிக்கட்டில் நிறுத்தி, அந்த ராணியின் அப்பா யார் என்று கேட்டார். ராணியே இல்லை மாமி என்று ஆரம்பித்து, முத்திரை, திறை, மகனுக்குப் போன பதவி எல்லாவற்றையும் கையில் காய்கறிப் பையோடு நின்றபடியே சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"இது நன்னா இருக்கே. இதை ஏன் நீ எழுதலே?"



அடுத்த மாதம் ஆசிரியர் போன் செய்தார். ஆப்பிரிக்காவில் இந்த மாதிரி ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.