சோமசெற் என்று கூப்பிட்டால்

எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், ஆம்பிளைகளுக்குப் பெயர் வைத்தது தாய் தகப்பன் இல்லை. சீமையிலும் ஜப்பானிலும் வாகனம் செய்கிறவர்கள்தான். மைனர் கார் வைத்திருந்தவர் மைனர். தலை முழுக்க நரைத்த பிறகும் மனுசன் மைனர்தான். கேம்பிரிஜ் வைத்திருந்தவர் கேம்பிரிஜ். அவர் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் அடையாளம் வைக்கிறவர் என்பது வேறு கதை.

காரை விற்றால் பெயரும் காரோடு போய்விடும். வாங்கினவர் ஜக்கையும் ஸ்பானரையும் எடுப்பது போலப் பெயரையும் எடுத்துக்கொள்வார். விற்றவர் கொஞ்ச நாள் பெயரில்லாமல் திரிவார்.

என் வீட்டுக்காரர் முதலில் சாலி. அது ஜப்பான்காரன் செய்த குட்டி மோட்டார் சைக்கிள். ஏறி இருந்தால் முழங்கால் நாடியில் முட்டும். அதில்தான் சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் கட்டிக்கொண்டு போவார். பிறகு அதை விற்றுவிட்டு, பழைய சோமசெற் கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓடத் தொடங்கினார். கார் முற்றத்துக்கு வந்த அன்றே சாலி செத்துப்போனார், சோமசெற் பிறந்தார். கோயில் ஐயர்கூட அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, “சோமசெற், என்ன பேருக்கு?” என்று கேட்டார்.

பக்கத்து வளவில் ஒரு ரீச்சர் இருந்தார். வேதக்காரர், மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் என்பதால் என்னில் அவருக்குக் கொஞ்சம் இரக்கம்.

“அக்கா, சோமசெற் எண்டது இங்கிலாந்திலை ஒரு இடம். கேம்பிரிஜும் அப்பிடித்தான். அவங்கள் தங்கடை ஊர்ப் பேரைக் காருக்கு வைக்கிறவங்கள்.”

“அப்ப ரீச்சர், நாங்கள் ஒரு கார் செய்தா எங்கடை ஊர்ப் பேரை, உரும்பிராய் எண்டு வைப்பமோ?”

“வைக்கலாம்தானே.”

“அது ஸ்ரார்ட் வராது ரீச்சர். பொறு, வெங்காயத்துக்குத் தண்ணி மாறிப்போட்டு வாறன் எண்டு சொல்லும்.”

அப்போது ஊருக்குள் அதிகம் ஓடியது எம்.டி. தொண்ணூறு என்ற சிவப்பு மோட்டார் சைக்கிள். அதற்கு ஊரின் பெயரும் இல்லை, ஆளின் பெயரும் இல்லை. இரண்டு எழுத்தும் ஒரு இலக்கமும்தான். ஜப்பானில் தபால்காரருக்கென்று செய்தது, அந்த இரண்டு எழுத்தும் தபால் கொடுக்கிறது என்பதைத்தான் சொல்கின்றன என்று கராஜ்காரர் விளக்கினார். அங்கே அது வாசல் படலையடியில் நின்றால் கடதாசி வரும். எங்கள் ஊரில் அது படலையடியில் நின்றால் ஒன்றும் வராது, வீட்டிலிருந்துதான் யாராவது போவார்கள். பெற்றோல் கிடையாத காலம், எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. எம்.டி. போன பிறகும் அந்த மணம் வேலியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதன் சத்தம் கேட்டால் பெண்கள் உரலில் இடிப்பதை நிறுத்திவிட்டு, எந்தப் படலையடியில் நிற்கிறது என்று காது கொடுப்பார்கள். வாகனம் வைத்திருந்த எல்லாருக்கும் பெயர் வைத்த ஒழுங்கை, எம்.டி.யில் வந்த இயக்கப் பொடியளுக்கு மட்டும் பெயர் வைக்கவில்லை.

ஒரு பின்னேரம் அது எங்கள் படலையடியில் நின்றது. இரண்டு பொடியள். வீட்டுக்காரர் காருக்குக் கீழே படுத்திருந்தார். கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

“சோமசெற் நீங்களோ?”

“ஓம் தம்பி. எங்கை ஓட்டம்?” என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தார். வாடகைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

“ஒருக்கால் வந்திட்டுப் போங்கோ. காரையும் எடுங்கோ.”

கையைத் துடைத்தார். “இஞ்சார், போட்டு வாறன்” என்றார். ஒரு பொடியன் காரில் அவருக்குப் பக்கத்தில் ஏறினான். நானும் ஓட்டம்தான் என்று நினைத்துக்கொண்டு படலை மட்டும் போனேன். வழி காட்ட வந்தவன் என்றால் காருக்கு முன்னால் போவான். மற்றவன் எம்.டி.யில் காருக்குப் பின்னால் போனான். அதைக் கண்டதும் என் கால் படலையடியில் நின்றுவிட்டது.

அவர் வரவில்லை. காலையில் சந்திக்குப் போன மைனர்தான் செய்தி கொண்டுவந்தார். சோமசெற் என்ற ஒருவர், அவர்கள் தேடிய ஆளைக் காரில் ஏற்றிப்போய்த் தப்பவைத்துவிட்டாராம். அந்த சோமசெற்றைத்தான் பிடித்திருக்கிறார்களாம். இவரிடம் கேட்டதற்கு, சோமசெற் நான்தான் என்று இவரும் ஒத்துக்கொண்டாராம். ஒத்துக்கொள்ளாமல் என்ன செய்வார்? விடிந்தால் பொழுதுபட்டால் அந்தப் பெயருக்குத்தானே மனுசன் திரும்பிப் பார்க்கிறவர்.

அவரை வைத்திருந்த வீட்டுக்கு மைனர், கேம்பிரிஜ், ரீச்சர், நான் எல்லாரும் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த பொடியன் எங்களை இருக்கச் சொன்னான். வீட்டுக்காரரைக் கண்ணில் காட்டவில்லை.

மைனர்தான் தொடங்கினார். “தம்பி, இவர் எங்கடை சோமசெற். எங்கடை ஒழுங்கைக்கே தெரியும்.”

“தெரியுமோ?”

“என்ன கேள்வி இது! இந்தப் பக்கத்திலை சோமசெற் எண்டா இவர் ஒராள்தான். வேறை ஆளே கிடையாது” என்றார் கேம்பிரிஜ்.

ரீச்சரும் விடவில்லை. “நான் கர்த்தருக்குப் பயந்தவள். சோமசெற் ஆபத்து எண்டு வந்த ஆரையும் கைவிடாதவர். நேரம் காலம் பார்க்காமல் ஏத்திக்கொண்டு போவார்.”

ஒவ்வொரு பேச்சுக்கும் பொடியன் தலையை ஆட்டினான். இன்னும் ஒருவர் நல்லது சொன்னால் மனுசன் முடிந்தார்.

“தம்பி, அந்தச் சம்பவம் எப்ப நடந்தது?” என்று கேட்டேன்.

“ஏனம்மா?”

“சொல்லு ராசா.”

“முந்தின மாரிக்கு.”

“அந்த மாரிக்கு இவர் சோமசெற் இல்லை. சாலி.”

“என்னம்மா, பகிடி விடுறியளோ?”

“பகிடி விடுற இடமே இது? மைனரைக் கேளும். அந்த நேரம் சோமசெற் எண்டு நீர் கூப்பிட்டிருந்தா இந்த மனுசன் திரும்பியும் பார்த்திருக்காது.”

மைனர் கண்ணை மூடி யோசித்தார். அந்த யோசனை முடிவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. “ஓம், அப்ப சாலிதான்! மாரி முழுக்க சாலியிலை நனைஞ்சு, காய்ச்சலிலை கிடந்தவர். கார் பிறகுதான் வந்தது” என்றார்.

பொடியன் எழும்பி உள்ளே போனான். கொஞ்சம் மூத்த ஒருவனோடு திரும்பி வந்தான். மூத்தவன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

“சரி, இவர் போகலாம். கார் இஞ்சை நிக்கட்டும். அப்ப அந்த மாரிக்கு சோமசெற் ஆர்?”

அந்தக் கேள்வி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. காரை எங்களுக்கு விற்ற மனுசர் தொண்டைமானாற்றில், கோயிலுக்குக் கிட்ட, தமக்கை வீட்டில் இருந்தார். காரைக் கொண்டுவந்த அன்று எங்கள் வீட்டில்தான் சோறு தின்றார். இது சூடேறினால் கோபப்படும், கொஞ்சம் பொறுத்து ஓட்டுங்கோ என்று பிள்ளையைக் கட்டிக்கொடுத்தவர் மாதிரிச் சொல்லிவிட்டுப் போனார்.

“அவர் கார் வித்த கையோடை கொழும்புக்குப் போட்டார் எண்டு கேள்வி” என்றேன்.

“ஆர் சொன்னது?”

“ஊரிலை கதைக்கிறதுதான் தம்பி.”

அவன் சிரித்தான். “சரியம்மா” என்றான்.

வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தோம். ஒரு நாளில் மனுசன் பாதியாகிவிட்டார். மைனருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“கார் போட்டுது. இனி உம்மை என்னெண்டு கூப்பிடுறது?”

“ஒண்டும் கூப்பிடாதை” என்றார்.

சந்திக்கு வந்தபோது பின்னால் எம்.டி.யின் சத்தம். அதே இரண்டு பொடியள். எங்களைக் கடந்து போய் அச்சுவேலிப் பக்கம் திரும்பினார்கள். அது தொண்டைமானாற்றுக்குப் போகிற பாதை.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். “நீ சொன்னனியோ?”

“இல்லை.”

“நானும் சொல்லேல்லை.”

மைனர் நிலத்தைப் பார்த்தார், கேம்பிரிஜ் வானத்தைப் பார்த்தார். ரீச்சர் வாய்க்குள் ஜெபம் சொல்லத் தொடங்கினார். சொல்லத்தான் வேண்டுமா? யார் காரை யார் வாங்கினார்கள், விற்றவர் இப்போது எங்கே என்பது சந்தியில் வெற்றிலை விற்கிறவளுக்கும் தெரியும்.

சத்தம் தேய்ந்து தேய்ந்து கேட்டது. சைக்கிளில் ஒருவரை அனுப்பினாலும் அதை முந்த முடியாது. அங்கே படலையடியில் நின்று அவர்கள் சோமசெற் என்று கூப்பிடுவார்கள். அந்த மனுசர் சிரித்துக்கொண்டு எழும்பி வருவார்: “அது பழைய பேர் தம்பி. காரை வித்திட்டன்.”