கேம்ப் மாதிரி இல்லையே

திருநகரில் ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறேன். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் மதுரைக்கு வெளியே, இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கான முகாமில். கடையில் மதுரைப் பேச்சு பேசுவேன். வீட்டுக்குள் நுழைந்ததும் நாக்கு தானாக அம்மாவின் வவுனியாப் பேச்சுக்கு மாறிவிடும். நான் கேம்ப்காரி என்பது வாடிக்கையாளர்கள் பலருக்குத் தெரியாது. தெரிந்த ஒருவர் எங்களிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் ஒரு வீட்டம்மா. அவர்தான் ஒருநாள் கேட்டார்.

“என் மக பொறந்தநாளுக்கு உங்க கேம்ப் பிள்ளைகளுக்குப் பிரியாணி போடலாம்னு இருக்கோம். யார்ட்ட கேக்கணும்?”

முகாம் தலைவரிடம் பேசி நானே ஏற்பாடு செய்தேன். சந்தோஷமாகத்தான் செய்தேன். அம்மாவிடம் சொன்னதும் அவள் அதைச் சாப்பாடு கொடுக்க வருகிறவர்கள் என்று எடுத்துக்கொள்ளவில்லை, விருந்தாளிகள் வருகிறார்கள் என்றே எடுத்துக்கொண்டாள். “பிறந்தநாள் பிள்ளைக்கு வெறுங்கையோட நிக்கேலாது” என்று பயறு வறுத்து, எங்கள் ஊர்ப் பலகாரமான பயற்றம்பணியாரம் சுட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் தெருவைக் கூட்டித் தண்ணீர் தெளித்தார்கள். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குத் தலைவாரி, ரிப்பன் கட்டி, தீபாவளிக்கு எடுத்த கவுனைப் போட்டுவிட்டேன். அம்மா தன் நல்ல சேலையை உடுத்திக்கொண்டாள்.

கார் வந்தது. வீட்டம்மா, அவர் கணவர், குழந்தை, கூடவே கேமராவோடு ஓர் இளைஞன். இறங்கியதும் கணவர் தெருவை மேலும் கீழும் பார்த்தார். எங்கள் ஆண்கள் பெரும்பாலும் பெயிண்டர்கள். மிச்சமான பெயிண்டை எல்லாம் வீட்டுச் சுவரில் அடித்து வைத்திருப்பார்கள். ஒரு வீடு நீலம், ஒன்று பச்சை, ஒன்று ரோஸ்.

“கேம்ப் மாதிரி இல்லையே” என்றார்.

பாராட்டுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கேமராக்காரன் அவரிடம், “அண்ணே, இம்புட்டு நல்லா இருந்தா வீடியோவ யாரும் பாக்க மாட்டாங்க” என்றான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

முதலில் அம்மாவை வாசலில் உட்கார வைத்தான். அவள் நீட்டிய பணியாரத் தட்டை வாங்கிய வீட்டம்மா, அதை அப்படியே டிரைவரிடம் கொடுத்துவிட்டார். குழந்தை ஒன்றை எடுக்கப் போனபோது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். அம்மா அதைப் பார்த்தாள்.

“உங்க கஷ்டத்தச் சொல்லுங்கம்மா” என்றான் அவன்.

“எனக்கொரு கஷ்டமும் இல்லைத் தம்பி. காலமை புட்டும் முட்டைப்பொரியலும் சாப்பிட்டனான்.”

“அப்டிச் சொன்னா எப்டிம்மா? பழச நெனச்சுக்கங்க. போட்டுல வந்தது, செத்துப் போனவங்க. கண்ணு கலங்குனா நல்லாருக்கும்.”

அம்மா கேமராவை நேராகப் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். “கஷ்டம் கேக்கிறியள் எண்டால் சொல்லுறன். என்ரை பிள்ளையள் ரெண்டு பேரும் இஞ்சைதான் பிறந்தவை. மகன் இஞ்சினியரிங் படிச்சவன், குடியுரிமை இல்லையெண்டு ஒருத்தரும் வேலை குடுக்கேல்லை, இப்ப பெயின்ற் அடிக்கப் போறான். இவளின்ரை பிள்ளையும் இஞ்சைதான் பிறந்தது. இந்த மண்ணில பிறந்த பிள்ளையளுக்கு ஏன் இன்னும் ஒரு நாடில்லை? அதைப் போடுங்கோ.”

அவன் கேமராவைத் தாழ்த்தினான். “அது வேணாம்மா. அரசியலாப் போயிரும். சோத்துக்குக் கஷ்டம், துணிக்குக் கஷ்டம், அத மட்டும் சொல்லுங்க.”

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவன் அசரவில்லை. முகாமின் பின்பக்கம் பழைய பொதுக் கக்கூஸ் ஒன்று இடிந்து கிடக்கிறது. வீடுகளுக்குத் தனிக் கழிப்பறை வந்த பிறகு அங்கே யாரும் போவதில்லை. பக்கத்தில் சாக்கடை தேங்கி, பன்றிகள் படுத்திருக்கும். எப்படியோ அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டான். குழந்தைகளை அங்கே கூட்டிக்கொண்டு போய் வரிசையாக நிறுத்தினான். நான் பின்னாலேயே போனேன். நாற்றம் தாங்க முடியவில்லை. வீட்டம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார். எங்கள் பிள்ளைகள் மூக்கைப் பொத்தினால் அவன் திட்டினான்.

பிறகு என் மகளின் முன்னால் குனிந்தான். ரிப்பனை அவிழ்த்தான். இரண்டு கையாலும் தலையைக் கலைத்துவிட்டான். நெற்றிப் பொட்டைக் கட்டைவிரலால் தேய்த்தான். அவள் அழாமல் என்னைப் பார்த்தாள், நான் என்ன தப்புச் செய்தேன் என்பதுபோல. சாக்கடையைவிட அந்த விரல்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

“கைய எடுங்க. அவ என் மக” என்றேன்.

“சும்மா ரெண்டு நிமிசம்க்கா.”

“எடுங்கன்னு சொல்றேன்ல.”

அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மற்றப் பிள்ளைகள் நின்றார்கள். பிரியாணி வாசம் வந்த பிறகு யார் அவர்களைக் கூப்பிட முடியும்? என் மகளும் கடைசியில் ஒரு பொட்டலம் வாங்கி வந்து சாப்பிட்டாள். நான் தடுக்கவில்லை. பிரியாணி நன்றாகவே இருந்தது. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

சில நாளில் வீடியோ வந்தது. சோக இசை. பன்றி, சாக்கடை, பிள்ளைகள். பிறகு அம்மா. அவள் நாடு கேட்டுப் பேசிய அதே காட்சிதான். குரலை மட்டும் எடுத்துவிட்டார்கள். அவள் வாய் அசைய, ஓர் ஆண்குரல், ஒருவேளைச் சோற்றுக்கு ஏங்கும் தாய் என்று உருகியது.

அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாம் தடவையும் பார்த்தாள். “நான் நாட்டைக் கேட்டன். உவன் என்னைச் சோறு கேக்க வைச்சிட்டான்” என்றாள்.

அடுத்த முறை வீட்டம்மா கடைக்கு வந்தபோது வீடியோவை அழித்துவிடச் சொன்னேன்.

“எம்புட்டுப் பேரு பாத்து அழுதிருக்காங்க தெரியுமா? உங்களுக்குத்தான நல்லது?”

“எங்களுக்கு நல்லது இல்லக்கா. எங்கம்மாவப் பிச்சக்காரி ஆக்கிட்டீக.”

அவர் முகம் சுருங்கியது. கணவரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். பிறகு அவர் வரவில்லை. வேறு கடையில் தைக்கிறார் என்று கேள்வி. வீடியோ இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

போன மாதம் அம்மா பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டு டவுன் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் அவளையே உற்றுப் பார்த்தாளாம். “போன்ல வந்தவங்கதான நீங்க?” என்று கேட்டு, தான் பசியாற வாங்கி வைத்திருந்த பன்னை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தாளாம். கண் கலங்கியிருந்ததாம். அம்மா மறுக்கவில்லை. “அவளும் பாவம். கூடைக்குள்ள பூ அப்பிடியே கிடந்தது. அவளின்ரை சாப்பாடு அது. வேண்டாமெண்டால் நொந்துபோவாள்” என்றாள்.

வீட்டுக்கு வந்து பன்னை மேசையில் வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். நெடுநேரம் கழுவினாள். பிறகு என்னிடம், “இனி ஆர் வந்து எங்களைப் பற்றிக் கேட்டாலும், அம்மாவுக்குக் கதைக்கத் தெரியாதெண்டு சொல்லு” என்றாள்.

இப்போது அப்படித்தான் சொல்கிறேன்.